பூதம் புதுசு, இசை பழசு

யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில், கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு காட்சி வரும். அமேசான் ஆற்றங்கரை. ஆராய்ச்சியாளர்கள் போட்ட கூடாரம். தண்ணீருக்குள்ளிருந்து, விரல்களுக்கு நடுவே சவ்வு ஒட்டிய ஒரு கை மெல்ல மேலே வந்து கரையில் ஊன்றும். கையைத் தவிர வேறு எதையும் காட்ட மாட்டார்கள். ஆனால் அந்த நொடியில் பித்தளைக் குழல் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று ஸ்வரங்களை அலறும். முதல் இரண்டும் குட்டை, மூன்றாவது நீளம்: டட்-டட்-டாஆஆ. படம் முழுக்க அந்த மீன் மனிதன் தலைகாட்டும்போதெல்லாம் இதே மூன்று ஸ்வரங்கள்தான். 79 நிமிடப் படம் முடிவதற்குள் இசையைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் அது மனப்பாடம் ஆகிவிடும்.

அங்கிருந்து 1963-க்கு வாருங்கள். ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா' அமெரிக்காவில் வெளியாகிறது. வெளியிடுவது யுனிவர்சல். ஜப்பானிய மூலத்துக்கு அகிரா இஃபுகுபே அமைத்த இசையில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கிறது. அந்த இடத்தில் யுனிவர்சலின் பழைய படங்களுக்கு எழுதிய இசை ஒலிக்கிறது. அமேசான் மீன் மனிதனின் மூன்று ஸ்வரங்களும் அதில் உண்டு.

தன் படத்துக்காக எழுதி வாங்கிய இசை யுனிவர்சலின் சொத்து. அதை எத்தனை படத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இருந்தது. இப்படி ஏற்கெனவே கையிருப்பில் இருக்கும் இசையைப் புதுப் படத்தில் சேர்ப்பதை ஸ்டாக் மியூசிக் என்கிறார்கள். அது பழைய படத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். 'பயம்', 'துரத்தல்', 'சோகம்' என்று வகை பிரித்து, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்படி முன்கூட்டியே தயாரித்து வைத்ததாகவும் இருக்கலாம். 1930-களில் இருந்து 1970-கள் வரை வந்த மலிவு விலை பூதப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வழியிலும்தான் பிழைத்தன.

ஏன் இசையில் போய் மிச்சம் பிடித்தார்கள்? ஒரு படத்தின் வேலைகளில் பின்னணி இசை கிட்டத்தட்டக் கடைசியாக வருவது. படப்பிடிப்பு, பூதத்தின் ரப்பர் உடை, தந்திரக் காட்சிகள் எல்லாம் முடிந்து, படத்தை வெட்டி ஒட்டிய பிறகுதான் இசையமைப்பாளர் கைக்கு அது போகும். அதற்குள் பணம் தீர்ந்திருக்கும், வெளியீட்டுத் தேதியும் முடிவாகியிருக்கும். இந்த வகைப் படங்களில் பூதத்துக்கே பணம் போதாது. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பெர்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் மாமூத்துகளாக வந்தவை, உடம்பெல்லாம் முடி ஒட்டிய நம்மூர் யானைகள்தான். பூதத்துக்கே நிலைமை இது என்றால், ஐம்பது பேர் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

பேசும் படம் வந்த புதிதில் காரணம் வேறாக இருந்தது. 1931-இல் வந்த 'டிராகுலா'வுக்குப் பின்னணி இசையே கிட்டத்தட்ட கிடையாது. எழுத்து ஓடும்போது மட்டும் சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயிலிருந்து ஒரு பகுதி வரும். மறு வருடம் வந்த 'தி மம்மி'யின் தொடக்கத்திலும் யுனிவர்சல் அதையே போட்டது. பேச்சையும் இசையையும் ஒன்றாகக் கலந்து பதிவு செய்வது அன்று சிரமமான வேலை. அதோடு, திரையில் வாத்தியம் எதுவும் தெரியாமல் இசை மட்டும் கேட்டால் பார்க்கிறவர்கள் குழம்பிப் போவார்கள் என்று தயாரிப்பாளர்கள் நிஜமாகவே நம்பினார்கள். அன்னப்பறவைகளாக மாறிய பெண்களைப் பற்றிய ஒரு ரஷ்ய பாலே, இரத்தக் காட்டேரியின் அடையாள இசையாக மாறியது இப்படித்தான். இன்றும் அந்த மெட்டைக் கேட்டதும் பாலேவுக்கு முன்னால் டிராகுலா ஞாபகம் வருகிறவர்கள் உண்டு.

1933-இல் 'கிங் காங்' இந்தத் தயக்கத்தை உடைத்தது. ஆர்கேஓ நிறுவனம் புது இசைக்குச் செலவு செய்யத் தயங்கியது. கையில் இருக்கும் பழைய இசையை வைத்தே ஒப்பேற்றச் சொன்னது. தயாரிப்பாளர் மெரியன் கூப்பர், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மேக்ஸ் ஸ்டெய்னரை எழுத வைத்தார். ராட்சதக் குரங்கு பொம்மைக்கு உயிரும் துக்கமும் இருப்பதாக நம்மை நம்ப வைத்ததில் பாதிப் பங்கு அந்த இசைக்கு உண்டு என்பது என் கருத்து. இதில் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. செலவு செய்யத் தயங்கிய அதே நிறுவனம், அந்த இசை கைக்கு வந்த பிறகு 1935-இன் 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் பாம்பேய்' உட்பட வேறு படங்களுக்கும் அதை எடுத்துப் பயன்படுத்தியது. யுனிவர்சலும் சும்மா இருக்கவில்லை. 'பிரைட் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்கு ஃபிரான்ஸ் வாக்ஸ்மேன் எழுதிய அற்புதமான இசை, மறு வருடமே 'ஃபிளாஷ் கார்டன்' தொடர்படத்தில் விண்வெளிச் சாகசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து 1939. 'சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தின் வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது, இசைக்கு நேரமே இல்லை. ஃபிராங்க் ஸ்கின்னர் மெட்டுகளை எழுத, வியன்னாவிலிருந்து வந்திருந்த ஹான்ஸ் சால்ட்டர் அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார். இருவரும் ஸ்டுடியோவை விட்டு வெளியே போகாமல், ஒருவர் தூங்கும்போது மற்றவர் எழுதுவதாக மாற்றி மாற்றி வேலை பார்த்ததைப் பிற்காலத்தில் சால்ட்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அவசரத்தில் பிறந்த இசைதான் அடுத்த பல வருடங்களுக்கு யுனிவர்சலின் களஞ்சியம் ஆனது. 1940-இல் வந்த 'தி மம்மீஸ் ஹேண்ட்' படத்தின் பின்னணி இசை பெரும்பாலும் அதுதான். ஃப்ராங்கன்ஸ்டைன் கோட்டைக்கு எழுதியது எகிப்தியக் கல்லறைக்கும் பொருந்தியது.

எப்படிப் பொருந்துகிறது? இந்தப் படங்களின் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பூதம் எதுவானாலும் தேவைப்படும் தருணங்கள் ஏறக்குறைய ஒன்றே. எழுத்து ஓடும்போது ஒரு மிரட்டல். யாரோ இருட்டில் தனியாக நடக்கும்போது அடிக்குரலில் ஒரு முணுமுணுப்பு. பூதம் சட்டென்று தெரியும்போது ஒரே ஒரு ஓங்கிய அடி. இதை ஸ்டிங்கர் என்பார்கள். அப்புறம் துரத்தல். நாயகனும் நாயகியும் பேசும்போது கொஞ்சம் வயலின். கடைசியில் பூதம் சாகும்போது ஒரு கனத்த முடிவு. ஒவ்வொரு தருணத்துக்குமான இசைத் துண்டைக் கியூ என்று சொல்வார்கள். பல கியூக்களின் நீளம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அதனால் கழற்றி மாட்டுவது சுலபம். இசை மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்து, நொடி கணக்கிட்டு, இந்த இடத்துக்கு அந்தப் படத்தின் துரத்தல், அந்த இடத்துக்கு இந்தப் படத்தின் ஸ்டிங்கர் என்று அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாகக் கோத்துவிடுவார்.

1950-களில் யுனிவர்சலில் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜோசஃப் கெர்ஷென்சன். அவர் கீழே ஹெர்மன் ஸ்டைன், ஹென்றி மான்சினி, இர்விங் கெர்ட்ஸ் போன்றவர்கள் வேலை செய்தார்கள். சால்ட்டரும் எழுதினார். ஒரு படத்தை ஒரே இசையமைப்பாளரிடம் கொடுப்பது அங்கே வழக்கம் இல்லை. இந்த ரீல் உனக்கு, அந்த ரீல் அவருக்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். இடைவெளிகளைப் பழைய இசையால் நிரப்புவார்கள். மீன் மனிதன் படத்துக்குப் புதிதாக எழுதியவர்கள் முக்கியமாக ஸ்டைன், மான்சினி, சால்ட்டர் மூவரும்தான். அந்த மூன்று ஸ்வர அலறல் ஸ்டைனுடையது. அதே படத்தில் நாயகி கே வெள்ளை நீச்சல் உடையில் தண்ணீரின் மேல்பரப்பில் நீந்த, அவளுக்கு நேர் கீழே மீன் மனிதன் மல்லாந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே கூடவே நீந்தும் காட்சிக்கு சால்ட்டர் எழுதியிருக்கிறார். அலறுகிற இசைக்குப் பெயர் போன படத்தில் ஏக்கம் வழிகிற ஒரு பகுதி அது. என்னைக் கேட்டால் படத்தின் மிக நல்ல நிமிடங்கள் அவைதான்.

ஆனால் திரையில் இவர்கள் மூவரின் பெயரும் கிடையாது. இசை இயக்கம் என்று கெர்ஷென்சன் பெயர் மட்டும் வரும். பின்னாளில் 'மூன் ரிவர்' பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கி உலகப் புகழ் அடைந்த மான்சினிக்கே அன்றைக்கு இதுதான் நிலை. யார் எந்தத் துண்டை எழுதினார்கள் என்பது நமக்குத் தெரிய வந்ததற்குக் கியூ ஷீட் என்ற அலுவலகக் காகிதம் பெரும் உதவி. ஒவ்வொரு படத்திலும் எந்த இசை, எத்தனை நொடி, எழுதியது யார் என்று ராயல்டி கணக்குக்காக எழுதி வைக்கும் பட்டியல் அது. கணக்குக்காக எழுதிய பட்டியலில் தப்பிப் பிழைத்த பெயர்களை, பிற்பாடு ஆர்வலர்கள் தேடி எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த உழைப்புக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் புதிதாகக் கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இசை என்றால் பழைய ஒலிப்பதிவை அப்படியே ஒட்டியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. ஒரு படத்துக்காக வாசித்துப் பதிவு செய்ததை இன்னொரு படத்தில் ஒட்டினால், வாசித்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய வேலை பறிபோகிறது. அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் இதை எதிர்த்துப் போராடிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே ஸ்டுடியோக்கள் பழைய இசைத் தாளை எடுத்து, தங்கள் வாத்தியக் குழுவிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் செய்தன. எழுதுகிற செலவு மிச்சம், வாசிக்கிறவர்களுக்கும் வேலை. ஒரே மெட்டு இரண்டு படங்களில் கொஞ்சம் வேகம் மாறி, வேறு அழுத்தத்தோடு கேட்டால் அது மறுபடி வாசித்ததாக இருக்கலாம். 1958-இல் இந்தச் சங்கம் பெரிய வேலைநிறுத்தம் செய்தது. அதன் முடிவில் ஸ்டுடியோக்கள் நிரந்தரச் சம்பளத்தில் வாத்தியக் குழு வைத்திருந்த ஏற்பாடே போய்விட்டது.

இதுவரை சொன்னது பெரிய ஸ்டுடியோக்களின் கதை. அலமாரியும் குழுவும் இல்லாத சிறு தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ரோஜர் கார்மன் தன் படங்களுக்கு செல்லோ கலைஞர் ஃபிரெட் காட்ஸிடம் இசை வாங்கினார். 1959-இன் 'எ பக்கெட் ஆஃப் பிளட்', 1960-இன் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே இசையைத்தான் திரும்பக் கேட்கிறோமோ என்று தோன்றும். உண்மையும் அதுதான். செட்டையே ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவர் கார்மன். இசையும் அதே வழியில் போனது. எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' மாதிரிப் படங்களுக்கு எழுதி வாங்குகிற வசதியும் இல்லை. கார்டன் சேலர் என்பவர் விலைக்குக் கிடைத்த நூலக இசையிலிருந்து பொறுக்கிக் கோத்துக் கொடுத்தார்.

நூலக இசை என்ற இந்த வழியை ஒருவர் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு 1968-இன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'தான் சாட்சி. பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கேப்பிட்டல் நிறுவனத்தின் ஹை-கியூ என்ற இசை நூலகத்திலிருந்து துண்டுகளை எடுத்தார்கள். படத்தில் நடித்தவரும் தயாரிப்பில் பங்கெடுத்தவருமான கார்ல் ஹார்ட்மன்தான் இசையைத் தேர்ந்தெடுத்தவர். சில இடங்களில் எதிரொலியும் மின்னணு ஒலிகளும் சேர்த்து அதை உருமாற்றவும் செய்தார். அந்த நூலகத்தின் துண்டுகள் சில, 1959-இல் வந்த 'டீன்ஏஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் ஏற்கெனவே ஒலித்தவை. ஒரு சிங்கி இறாலை ராட்சத மிருகமாகக் காட்டிய படம் அது!

அதே இசை ரொமேரோ படத்தில் ஏன் நம்மை உலுக்குகிறது? தொடக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஒற்றைக் காரின் மேல் அந்தப் பழைய பாணி இசை வரும்போது, பார்க்கிறவர்களின் மனசு பழகிய ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த மாதிரிப் படம் நமக்குத் தெரியும், கடைசியில் நாயகன் பிழைப்பான், பூதம் அழியும் என்று. அந்த நம்பிக்கையை ஊட்டியதே பத்து வருடமாகக் கேட்டு வந்த இந்த வகை இசைதான். அப்புறம் படம் அந்த நம்பிக்கையை ஒவ்வொன்றாக முறிக்கிறது. புதிதாக எழுதிய நவீன இசை இருந்திருந்தால் இந்த ஏமாற்று இவ்வளவு வலுவாக நடந்திருக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ரொமேரோவும் நூலக இசையை விட்டுவிடவில்லை. 1978-இல் 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தபோது கோப்ளின் என்ற இத்தாலியக் குழுவின் புது இசை கையில் இருந்தும், லண்டனின் டி வுல்ஃப் நூலகத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தார். வணிக வளாகத்தில் பிணங்கள் தள்ளாடி நடக்கும்போது வரும் துள்ளலான 'தி காங்க்' அங்கிருந்து வந்ததுதான்.

பழைய இசை ஏன் பயமுறுத்துகிறது என்ற கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. பயத்துக்கென்று பிறவியிலேயே ஒரு ஓசை இருக்கிறதா என்று கேட்டால், ஓரளவு உண்டு: திடீர்ச் சத்தம், உரசும் ஸ்வரங்கள், அடித்தொண்டை அதிர்வு எல்லாம் யாரையும் திடுக்கிட வைக்கும். ஆனால் 'இது பூதம் வருகிற இசை' என்று அடையாளம் காண்பது பழக்கத்தால் வருவது. 1957-இல் யுனிவர்சலின் பழைய திகில் படங்கள் 'ஷாக்' என்ற தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்குப் போயின. வீட்டில் இரவு ஃப்ராங்கன்ஸ்டைன், வார இறுதியில் கொட்டகையில் யுனிவர்சலின் 'தி டெட்லி மான்டிஸ்'. ஒரு தலைமுறைக் குழந்தைகள் இரண்டு இடத்திலும் ஒரே குடும்பத்து இசையைக் கேட்டு வளர்ந்தார்கள். திகில் இசைக்கு ஒரு பொதுமொழி உருவானதில், பணம் இல்லாததால் நடந்த இந்த ஓயாத மறுபயன்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மறுபயன்பாடு எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா' அமெரிக்கப் பதிப்பில் நடந்தது இழப்பு. அதன் இசையைக் கோத்த பீட்டர் சின்னர் திறமைசாலி. பின்னாளில் 'தி காட்ஃபாதர்' படத்தின் தொகுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர். இருந்தாலும் ஜப்பானிய மூலத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், இஃபுகுபேயின் கனமான, மலை நகர்வது போன்ற தாளம் போன இடம் வெறுமையாகத் தெரிகிறது. இரண்டு பதிப்பிலும் ஒரே சண்டைக் காட்சியை அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் காட்ஸில்லா தெய்வம் மாதிரி வருகிறது, இன்னொன்றில் வெறும் ஊர் நாசம்.

தோஹோவும் பிற்பாடு பணத் தட்டுப்பாட்டில் இதே வழிக்கு வந்தது. 1972-இன் 'காட்ஸில்லா வெர்சஸ் கைகன்' படத்துக்கு இஃபுகுபேயின் பழைய பதிவுகளை எடுத்துத்தான் பின்னணி கோத்தார்கள். ஆனால் 2016-இல் 'ஷின் காட்ஸில்லா' எடுத்தபோது பணம் ஒரு தடையாக இல்லை. புது இசையும் இருந்தது. அப்படியும் இஃபுகுபேயின் பழைய பதிவுகளையே சில இடங்களில் போட்டார்கள், அந்தப் பழைய ஒற்றைத் தட ஒலியின் முரட்டுத்தனம் உட்பட. அரை நூற்றாண்டு ஜப்பானியர்கள் காதில் அந்த மிருகத்தின் குரலாகவே ஆகிவிட்ட இசைக்கு மாற்று தேடுவதில் அர்த்தம் இல்லை என்று முடிவு செய்திருப்பார்கள் போல.

கேட்டுப் பழக விரும்புகிறவர்கள் எல்லாவற்றையும் தேட வேண்டாம். முதலில் 'சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்', அதையடுத்து 'தி மம்மீஸ் ஹேண்ட்' பாருங்கள். இடையில் அதிக நாள் விடாதீர்கள், காதில் மெட்டு இருக்கும்போதே இரண்டாவதைப் பார்ப்பது நல்லது. எழுத்து ஓடும் பகுதியைத் திரையைப் பார்க்காமல் இரண்டு முறை கேட்டுவிட்டுத் தொடங்கினால், படத்துக்குள் அந்த மெட்டு எந்த வாத்தியத்துக்கு மாறினாலும் பிடிபடும். ஹை-கியூ பக்கம் போக, 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படம். திரையில் இருக்க வேண்டிய உரிமை அறிவிப்பு விடுபட்டதால் வந்த வினை. அதனால் இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கிறது. முதலில் 'டீன்ஏஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்', அப்புறம் ரொமேரோ படம் என்ற வரிசையில், நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.